கோரக்கர் மூலியும் தேன்மெழுகும்

சதுரகிரியைப் பற்றிப் பேச்சை எடுத்தால் மூன்றாவது நிமிடத்தில் கோரக்கர் வந்துவிடுவார், நான்காவது நிமிடத்தில் கஞ்சா. ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, ராஜபாளையம் வட்டாரத்தில் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மலைமேல் கோரக்கர் குகை என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். கஞ்சாவுக்கே 'கோரக்கர் மூலி' என்று ஒரு பெயர் உண்டு. சிவமூலி என்றும் சொல்வார்கள். கொஞ்ச காலமாக இந்தப் பேச்சில் ஐந்தாவது நிமிடம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "வெளிநாட்டுல இப்ப கஞ்சாவுல தைலம், களிம்புன்னு போட்டு டாலர்ல விக்கிறான். நம்ம சித்தர்கள் அப்பவே செஞ்சது. 1985ல அமெரிக்காக்காரன் மிரட்டினான்னு நாம தடை பண்ணிட்டோம்."

கேட்க நன்றாக இருக்கிறது. வாட்ஸப்பில் வருகிற எல்லாமே கேட்க நன்றாகத்தான் இருக்கும். இதில் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் தோலில் தடவும் களிம்பின் வரலாற்றைத் தனியாக எடுத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது. அந்தக் களிம்பிலிருந்து நாம் இழந்தது கஞ்சாதானா என்பதே எனக்குச் சந்தேகம்.

முதலில் களிம்பு என்றால் என்ன? ஒரு இலையோ வேரோ எண்ணெயில் காய்கிறது. அதன் சாரம் எண்ணெயில் இறங்குகிறது. வடிகட்டிய எண்ணெயில் மெழுகை உருக்கிச் சேர்த்தால் ஆறியதும் கெட்டிப்படுகிறது. அவ்வளவுதான். நாலைந்து பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு என்பது வீட்டுக் கணக்கு. வெயில் காலத்தில் மெழுகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எங்கள் ஊர் சித்திரை வெயிலுக்கு டப்பாவிலேயே உருகி ஓடும். தேன்மெழுகு 62, 63 டிகிரியில் உருகத் தொடங்கும். கொதிக்கிற எண்ணெயில் போட வேண்டிய அவசியமே இல்லை.

எண்ணெய் காய்ச்சுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. பச்சிலைச் சாற்றில் நீர் இருக்கும்வரை எண்ணெய் சடசடக்கும். சூடும் நூறு டிகிரி பக்கத்திலேயே நிற்கும். நீர் வற்றியதும் சத்தம் அடங்கும், சூடு சட்டென்று ஏறும். அந்த இடத்தில் அசந்தால் மருந்து கருகிவிடும். அதனால்தான் அடியில் தங்கும் கல்கத்தை விரலில் உருட்டிப் பார்த்து மெழுகு பதம், மணல் பதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திரியை எண்ணெயில் தோய்த்துக் கொளுத்தினால் சடசடக்காமல் எரிய வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தின் சென்சார்கள் இவை. காதும் விரலும் போதும்.

சித்த மருத்துவத்தின் வெளிமருந்துகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். மத்தன் தைலம்: ஊமத்தை இலைச் சாறு, தேங்காய் எண்ணெய், துருசு. துருசு என்பது மயில்துத்தம், வேதியியல் வகுப்பில் பார்த்த அதே நீலக்கல். ஆறாத புண்ணுக்குப் போடும் பச்சை எண்ணெய் இது. இன்னொன்று குங்கிலிய வெண்ணெய். குங்கிலியத்தை நல்லெண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டுக் கடைந்து கடைந்து எடுத்தால் வெண்ணெய் போலத் திரண்டு வெளுத்து வரும். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்ந்து நிற்க வைக்கிற இந்த வித்தைக்குத்தான் இன்றைய அழகுக்கலைக் கம்பெனிகள் ஆய்வுக்கூடம் வைத்திருக்கின்றன.

இந்த இரண்டிலும் கஞ்சா இல்லை என்பதைக் கவனிக்கலாம். சித்த மருத்துவம் கஞ்சாவைப் பயன்படுத்தியது, அதில் ஐயமில்லை. இந்திய மருந்துச் சட்டத்தின் விதிகளில் 'இ1' என்று ஒரு அட்டவணை இருக்கிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களின் பட்டியல். சித்த மருத்துவத்துக்கான பகுதியில் கஞ்சாவும் உண்டு. அதற்குத் துணையாக ஊமத்தை, எட்டி, சேராங்கொட்டை, புகையிலை எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. ஆக, வைத்தியருடைய பார்வையில் அது புனிதமும் இல்லை, பாவமும் இல்லை. சுத்தி செய்யாமல் தொடக்கூடாத பல சரக்குகளில் ஒன்று. பாலில் வேகவைத்து, நெய்யில் வறுத்துத்தான் மருந்தில் சேர்ப்பார்கள். இதில் ஒரு வேதியியலும் ஒளிந்திருக்கிறது. பச்சைச் செடியில் இருக்கும் பொருள் ஒரு அமிலம்; அதற்குப் போதை கிடையாது. சூடு பட்டால்தான் அது டிஹெச்சியாக மாறும். அந்த டிஹெச்சி தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நெய்யில் வறுக்கிற வேலை இந்த இரண்டையும் ஒரே அடுப்பில் முடித்துவிடுகிறது.

ஆனால் அது லேகியத்துக்கான வழி. அதாவது வயிற்றுக்கு.

ஆங்கிலேய மருத்துவத்துக்குள் கஞ்சாவைக் கொண்டுபோனவர் வில்லியம் ஓஷானசி, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த ஐரிஷ் மருத்துவர். பின்னாளில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்தவரும் இவர்தான். 1839ல் அவர் வெளியிட்ட ஆய்வுரையில் கல்கத்தா பஜாரில் நெய்யும் இலையும் சர்க்கரையும் சேர்த்து 'மாஜூன்' செய்யும் முறையைக்கூட விவரமாக எழுதியிருக்கிறார். மூட்டுவாத நோயாளிகளிடம் அவர் கஞ்சாவைச் சோதித்தார். எப்படி? வாய்வழியாக. வலிப்பது மூட்டு, மருந்து போனது வயிற்றுக்கு. அவருக்குப் பிறகு ஐரோப்பிய மருந்துப் பெட்டிகளில் நுழைந்த கஞ்சாச் சாறும் பெரும்பாலும் அப்படித்தான் உள்ளே போனது, சொட்டு மருந்தாக, மாத்திரையாக.

வெளியே தடவும் பழக்கம் இல்லாமல் இல்லை. அரைத்த இலையை மூலத்துக்கும் வீக்கத்துக்கும் வைத்துக் கட்டுவது நம் நாட்டு வீட்டு வைத்தியத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருந்துச் சரக்கு நூல்கள் இதைக் குறித்திருக்கின்றன. மேலை நாட்டிலோ, வெளிப்பூச்சில் கஞ்சாவுக்குக் கிடைத்த நிலையான இடம் ஒன்றுதான்: காலாணி. ஆமாம், காலில் வருகிற ஆணி. சாலிசிலிக் அமிலத்தையும் கஞ்சாச் சாற்றையும் கொலோடியன் என்ற பசையில் கலந்து விற்றார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சாதாரண மருந்துக்கடைச் சரக்கு அது. தோலை இளக்கி ஆணியை உரித்தெடுத்தது சாலிசிலிக் அமிலம். இன்றைய காலாணிப் பிளாஸ்திரியிலும் அதுவேதான் இருக்கிறது. கஞ்சா வலி குறைக்கும் என்று சேர்த்தார்கள். மருந்துக்கு ஒரு பச்சை நிறம் வந்தது, அது நிச்சயம். பின்னால் சட்டம் கஞ்சாவை எடுத்துவிட்டபோது காலாணி மருந்து தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. கஞ்சாக் களிம்பின் வரலாறு முழுக்க இதே சிக்கல்தான். செடியின் பெயர் டப்பாவின் மேல், வேலை செய்வது வேறொன்று.

1893க்கு வருவோம். லண்டன் நாடாளுமன்றத்தில் மதுவிலக்கு ஆதரவாளர் வில்லியம் கெயின் எழுப்பிய கேள்வியால் அந்த ஆண்டு இந்திய கஞ்சா ஆணையம் அமைந்தது. தலைவர் மேக்வொர்த் யங். ஊர் ஊராகப் போய் 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். மருத்துவர்கள், வைத்தியர்கள், கலெக்டர்கள், பாதிரிமார்கள், பயிரிடுகிறவர்கள். அறிக்கை 1894ல் வந்தது. மிதமான பயன்பாட்டால் பெரிய கேடு இல்லை, முழுத் தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்றது. வீட்டு வைத்தியத்திலும் மாட்டு வைத்தியத்திலும் அது புழங்குவதையும் பதிவு செய்தது. சென்னை மாகாணத்தில் பயிரான முக்கிய இடங்களில் ஒன்று வட ஆற்காட்டின் ஜவ்வாது மலை. ஆனால் ஆணையத்தின் கேள்வி புகைக்கிறவனையும் குடிக்கிறவனையும் சுற்றியே இருந்தது. பைத்தியம் பிடிக்குமா? குற்றம் செய்வானா? வரி எவ்வளவு வரும்? தோள்பட்டையில் தேய்த்துக்கொண்டவனைப் பற்றி யாருக்கு என்ன கவலை? அவனிடம் வரியும் வராது, கலவரமும் வராது.

அதே 1893ல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அமிர்தாஞ்சன் தொடங்கினார். கற்பூரம், புதினா உப்பு, தைல வகைகள் சேர்ந்த மஞ்சள் களிம்பு. கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தே அதைப் பரப்பினார் என்பார்கள். 1914ல் தன் ஆந்திர பத்திரிகையோடு சென்னைக்கு வந்தார். மயிலாப்பூர் லஸ் பக்கம் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான். கிழக்கே பார்த்தால் ரங்கூனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன ஓ குடும்பத்தின் டைகர் பாம், 1928ல் சிங்கப்பூரில் பிறந்த கோடாலித் தைலம். ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன தமிழர்கள் திரும்பி வரும்போது டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்த சரக்குகள். சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் கோடாலித் தைலம் கேட்கிற வழக்கம் இன்னும் போகவில்லை.

தசைவலியைப் பொறுத்தவரை களத்தை வென்றவை இவைதான். காரணம் எளிது. புதினா உப்பு தோலின் குளிர் உணரும் நரம்பைத் தட்டுகிறது, கற்பூரம் சூட்டைக் காட்டுகிறது, விண்டர்கிரீன் எண்ணெயில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் தோல்வழி உள்ளே இறங்குகிறது. தடவிய இரண்டாவது நிமிடத்தில் உடம்புக்குத் தெரிந்துவிடும். கஞ்சாவின் மூலப்பொருள்கள் கொழுப்பை அவ்வளவு விரும்புகிறவை. தோலின் மேலடுக்கிலேயே தங்கிவிடுகிற குணம் அவற்றுக்கு. எலிகளின் மூட்டழற்சியில் சிபிடி ஜெல் பலன் காட்டியதாக 2016ல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. மனிதர்களிடம் பெரிய அளவில் செய்த உறுதியான சோதனைகள் இன்னும் குறைவு. இன்று விற்கும் பல கஞ்சாக் களிம்புகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் புதினா உப்பும் கற்பூரமும் கூடவே இருக்கும். காலாணி மருந்தின் பேரன்கள். (கற்பூரம் போட்ட எதையும் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அது விழுங்கக்கூடிய பொருளே இல்லை.)

சரி, தடை? 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பின்னால் வெளிநாட்டு அழுத்தம் இருந்தது உண்மை. 1961ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தம், மருத்துவம் அல்லாத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுகளில் நிறுத்தச் சொன்னது. ஒப்பந்தம் 1964 இறுதியில் நடைமுறைக்கு வந்ததால் கெடு 1989. அந்தக் கெடு நெருங்கும் நேரத்தில் 1985 நவம்பரில் நம் சட்டம் அமலானது. அதே ஆண்டு மார்ச்சில்தான் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து விருதுநகர் மாவட்டம் உருவானது என்பது சம்பந்தமில்லாத தகவல், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

வட இந்தியாவுக்கு இந்தக் கதை பொருந்தும். நமக்குப் பொருந்தாது. இங்கே தடை வந்தது 1937ல். கொண்டுவந்தவர் ராஜாஜி. சென்னை மதுவிலக்குச் சட்டம் என்று நாம் சுருக்கிச் சொல்கிற அந்தச் சட்டம் மதுவை மட்டும் பேசவில்லை. போதைப் பொருள்களையும் சேர்த்துத்தான் விலக்கியது, கஞ்சா அதில் அடக்கம். 1937 அக்டோபர் 1ல் சேலத்தில் தொடங்கி, 1948 அக்டோபர் 2ல் மாகாணம் முழுக்க வந்து முடிந்தது. ஆக, செண்பகத்தோப்பு அடிவாரத்தில் யாராவது கஞ்சா இலையை எண்ணெயில் காய்ச்சியிருந்தால், அது அமெரிக்காக்காரன் வாயைத் திறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே குற்றமாகிவிட்டது. காந்தியின் பெயரால், நம்மவர்கள் கையெழுத்தில். 1971ல் மதுவுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். பிறகு 2003ல் அரசே டாஸ்மாக் கடையில் உட்கார்ந்து விற்க ஆரம்பித்தது. இன்னொரு சரக்குக்குக் கதவு திறக்கவே இல்லை.

1985 சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனியோடு சேராத விதையும் இலையும் கணக்கில் வராது. வடக்கே பாங் கடைகள் அரசு உரிமத்தோடு நடப்பது இந்த வரியால்தான். ஆனால் அதே சட்டம் செடியை வளர்ப்பதை உரிமம் இல்லாமல் தடுக்கிறது, பத்தாண்டு வரை சிறை. இலை குற்றமில்லை, இலை முளைக்கிற செடி குற்றம். எங்கள் வேலையில் இப்படி ஒரு நிபந்தனை எழுதினால் அன்றைக்கே திருப்பி அனுப்புவார்கள். இந்த இடுக்கில்தான் 'விஜயா' என்ற வடமொழிப் பெயரோடு இலைச்சாறு கலந்த ஆயுர்வேதக் களிம்புகள் இணையத்தில் விற்பனையாகின்றன. விதையும் விதை எண்ணெயும் 2021 முதல் உணவாகவே அங்கீகாரம் பெற்றிருக்கின்றன. உரிமம் உள்ள கம்பெனிக்கு வழி இருக்கிறது. வீட்டு அடுப்புக்கு இல்லை. தமிழ்நாட்டில் 1937 சட்டமும் செத்துப்போகவில்லை. எனவே யாரும் இதைப் படித்துவிட்டுச் சட்டியை அடுப்பில் வைக்க வேண்டாம்.

இப்போது செண்பகத்தோப்புக்கு வரலாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே போனால் மலையடிவாரம், ஓடை, மாந்தோப்புகள், மேலே காட்டழகர் கோயில். அடிவாரத்தில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. பாறை இடுக்குகளில் மலைத்தேன் எடுப்பது பளியர்களின் பரம்பரைத் திறன். தேன் போன பிறகு அடையில் மிஞ்சுவதுதான் மெழுகு. கருங்குங்கிலியமும் இதே மலைத்தொடரின் சரக்கு. பளியர்களோடு 1960களில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், காட்டுக்கும் சமவெளிக்கும் நடுவே இரண்டு பண்பாடுகளையும் கையாளத் தெரிந்தவர்கள் என்று அவர்களைப் பற்றி எழுதினார். களிம்பின் வழியாகப் பார்த்தால் அது சரியாகவே படுகிறது. எண்ணெய் சமவெளியின் செக்கிலிருந்து, மெழுகும் பிசினும் மலையிலிருந்து.

தேவை இருந்த இடமும் பக்கத்தில்தான். 1936ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், அதைத் தொடர்ந்து வந்த நூற்பாலைகள். நாள் முழுக்க நின்று நூல் இணைப்பவருக்குக் கெண்டைக்கால் வலிக்காமல் என்ன செய்யும்? ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் விசைத்தறியில் ஓடுவது பெரும்பாலும் மருத்துவத் துணி. ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுற்றும் பேண்டேஜ் துணி, காஸ். நாட்டின் எத்தனையோ காயங்களைக் கட்டும் துணி இங்கிருந்து போகிறது. அதை நெய்கிறவரின் தோள்வலிக்கு வீட்டில் இருப்பது மஞ்சள் டப்பாவோ கோடாலித் தைலமோதான்.

மலையின் கதவு எப்படிச் சாத்தியது என்பதற்கு 1985 போல ஒரு பிரபலமான ஆண்டு கிடையாது. 1988 டிசம்பரில் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக இந்தக் காடு அறிவிக்கப்பட்டது. 485 சதுர கிலோமீட்டர். அணில் பிழைத்தது நல்ல விஷயம். அந்த நீள வாலோடு அது கிளைக்குக் கிளை தாவுவதைப் பார்த்தவர் யாரும் வேறு மாதிரி சொல்லமாட்டார். ஆனால் சரணாலயத்திலிருந்து காட்டுப்பொருள் எடுப்பதற்கு வனவிலங்குச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. சொந்தத் தேவைக்கு எடுக்கலாம், வியாபாரத்துக்குக் கூடாது என்று 2002 திருத்தம் சொன்னது. மெழுகு வியாபாரச் சரக்கு. பளியர் வீட்டில் எவ்வளவு மெழுகுதான் செலவாகும்? 2006ல் வந்த வன உரிமைச் சட்டம் இதற்கு நேர் எதிராகப் பேசியது. மரமல்லாத சிறு வனப்பொருள்களின் மேல் அங்கே வாழ்கிறவர்களுக்கே உரிமை என்றது. எவையெல்லாம் சிறு வனப்பொருள் என்று அதில் பட்டியலும் உண்டு. தேன், மெழுகு, அரக்கு வரிசையாக வருகின்றன, மூலிகையும் வருகிறது. 2021 பிப்ரவரியில் இதே காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமானது.

கோரக்கர் மூலிக்காக இணையத்தில் எத்தனையோ பேர் குரல் கொடுக்கிறார்கள். மெழுகுக்காக யாரும் பதிவு போட்டு நான் பார்த்ததில்லை. களிம்பில் கஞ்சா இல்லாவிட்டால் ஊமத்தை இருக்கும், நொச்சி இருக்கும், வெறும் நல்லெண்ணெயும் கற்பூரமும்கூட இருக்கும். மெழுகு இல்லாவிட்டால் அது களிம்பே இல்லை.

போன தை மாதம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். "அண்ணாச்சி, தேன்மெழுகு இருக்கா?"

"என்னத்துக்கு தம்பி?"

"களிம்பு செய்ய."

"அப்ப இதை வாங்காதீங்க" என்று மேலே கண்ணாடிப் பெட்டியில் இருந்த வெள்ளைக் கட்டியைக் காட்டினார். "இது பாரபின். மெழுகுவத்தி மெழுகு. நிறம் போட்டு மஞ்சளாவும் வரும். மோந்து பாருங்க, தேன் வாசம் இருக்காது." பிறகு கீழே குனிந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பழுப்பு நிறம், ஓரத்தில் தேனீயின் சிறகுத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் வைத்து அழுத்தினால் மெல்லக் குழைந்தது.

"இது செண்பகத்தோப்புச் சரக்கா அண்ணாச்சி?"

"இல்ல. இது வேற எங்கேயோ வடக்க இருந்து வருது. முன்னாடி மலையில இருந்து அவங்களே கொண்டாந்து குடுப்பாங்க. இப்ப வர்றதில்ல."

நூறு கிராம் வாங்கிக்கொண்டேன்.